மேட்டூர்க் கரியும் யந்திர மூளையும்

2024 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் கூகிள் கம்பெனியின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் மனம் திறந்து பேசினார். பூமி சூடேறுவதைத் தடுக்க நாடுகள் வகுத்துள்ள இலக்குகளை எப்படியும் எட்டப் போவதில்லை. ஆகவே மின்சாரத்தைக் காட்டிச் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்துவதைவிட, அந்த அறிவே பிரச்னையைத் தீர்த்து வைக்கும் என்று பந்தயம் கட்டுவது மேல் என்பதே அவர் சொன்னதன் சாரம். அதே ஆண்டு ஜூனில் லண்டனில் பேசிய பில் கேட்ஸ் இன்னும் பதமாகச் சொன்னார்: இந்த யந்திரங்களால் மின்சாரத் தேவை கூடுவது சில சதவீதம்தான், அவற்றால் மிச்சப்படப் போவது அதைவிட அதிகம் என்று.

பந்தயம் கட்டட்டும். ஆனால் பந்தயப் பணம் யாருடையது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஷ்மிட் கனவான் தோற்றால் அவர் வீட்டுக் குளிர்சாதனம் நின்றுவிடாது. சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் இளைத்துச் சாவது நாமக்கல் கோழி. மழை பொய்த்தால் காய்வது ராசிபுரத்துக் குச்சிக்கிழங்கு. நிலக்கரி எரிந்து சாம்பல் பறப்பது மேட்டூரில். ஆகவே இந்தக் கணக்கை அமெரிக்கக் கூட்டத்தில் வைத்துப் பார்க்காமல், சேலம்-நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானத்தோடு நமக்குப் பகை இல்லை. "இவர்கள் கம்ப்யூட்டரையே எதிர்த்தவர்கள்" என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. 1960-களில் எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் வைக்க முயன்றபோது கல்கத்தாவில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றது உண்மைதான். அன்று அவர்கள் கேட்ட கேள்வி, இந்த யந்திரத்தால் யாருக்கு லாபம், யாருக்கு வேலை போகும் என்பது. அறுபது ஆண்டு கழித்து அமெரிக்க எழுத்தாளர்களும் சித்திரக்காரர்களும் அதே கேள்வியைத்தானே கேட்கிறார்கள்?

யந்திர மூளையால் நன்மை உண்டா என்றால், உண்டு. அதைக் கண்ணால் பார்க்கலாம்.

குச்சிக்கிழங்கும் கோழியும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு பயிரிடும் குடும்பங்களுக்கும், அதை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும் 2020-க்குப் பிறகு வந்த சோதனை நினைவிருக்கும். தென் அமெரிக்காவில் பிறந்து, 1970-களில் ஆப்பிரிக்காவைச் சூறையாடிய மாவுப்பூச்சி, 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் பக்கம் பரவியது. நுனி சுருண்டு, இலை சிறுத்து, செடி கட்டையாக நின்றது. மருந்துக் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் வாங்கி அடித்தும் பலன் இல்லை.

தீர்வு ஒரு குளவி. கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்ன ஒட்டுண்ணிக் குளவி. ஆப்பிரிக்காவில் அதே மாவுப்பூச்சியை அடக்கியதும் அதுதான். நம் அரசாங்க விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து அதைத் தருவித்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஆத்தூருக்கு அருகே ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிய சரக்கு இது. இதற்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமைக் கூலி கேட்கவில்லை.

இங்கே யந்திர மூளைக்கு என்ன வேலை? நோயைச் சீக்கிரம் அடையாளம் காண்பது. குச்சிக்கிழங்குக்கு மாவுப்பூச்சி ஒன்றுதான் எதிரி என்பதில்லை. தேமல் நோய் இருக்கிறது, சிலந்திப் பேன் இருக்கிறது. ஆப்பிரிக்க விவசாயிகளுக்காக, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சர்வதேச ஆராய்ச்சி நிலையமும் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து 'நூரு' என்ற கருவியைச் செய்தன. சுவாஹிலி மொழியில் வெளிச்சம் என்று அர்த்தம். செல்போனை இலைமீது காட்டினால் அது என்ன நோய் என்று சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கருவிக்கு இன்டர்நெட் தொடர்பே தேவையில்லை. மூளை முழுவதும் அந்த மலிவான செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. எங்கோ தொலைதேசத்தில் ஆயிரக்கணக்கான யந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாதாரண விவசாயிகளைவிட மட்டுமல்ல, விரிவாக்க ஊழியர்களைவிடவும் அது சரியாக நோயைக் கண்டதாக 2020-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. இதற்குச் செலவாகும் மின்சாரம் செல்போனைச் சார்ஜ் செய்யும் மின்சாரம், அவ்வளவுதான்.

கோழிக்கு வருவோம். நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. கோழிக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் வாயைப் பிளந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் ஓட்டம் கெட்டு முட்டை ஓடு மெலியும். தீனி குறையும், பிறகு சாவு விழும். மூன்று நாளைக்கு முன்பே வெப்பம் தெரிந்தால் தீனி போடும் நேரத்தை மாற்றலாம், கூரைக்குத் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள வானிலைப் பிரிவு இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. வெப்பநிலை, காற்று, மழை இவற்றோடு பண்ணையாளருக்கு யோசனையும் சேர்த்துப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கிறது. பெரிய பண்ணை முதலாளி மட்டுமல்ல, அவரிடம் கூலிக்குத் தீனி அள்ளுகிறவரும் அதைப் படித்துத்தான் மறுநாள் எத்தனை மணிக்குக் கொட்டகைக்குப் போவது என்று தெரிந்துகொள்கிறார்.

வானிலை முன்னறிவிப்பில் யந்திர மூளை நிஜமாகவே ஒரு பாய்ச்சல் பாய்ந்திருக்கிறது. பழைய முறையில் வாயு மண்டலத்தின் பௌதிகச் சமன்பாடுகளை ராட்சதக் கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் கணக்கிட வேண்டும். புதிய முறையில் பழைய வானிலையைப் படித்துப் பழகிய யந்திரம் சில நிமிஷங்களில் பத்து நாள் முன்னறிவிப்பைச் சொல்கிறது. பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 2025 பிப்ரவரி 25-ல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ஒரு முன்னறிவிப்பைத் தயாரிக்கும் மின்சாரம் பழைய முறையில் செலவானதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று தெரிவித்தது. மின்சாரத்தை விழுங்குவதாகச் சொல்லப்படும் யந்திர மூளை, இங்கே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது!

2025 காரிப் பருவத்தில் மத்திய விவசாய அமைச்சகம் 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை தொடங்கும் காலத்தை, நான்கு வாரம் முன்பே, செல்போனில் அனுப்பியது. அதற்கு அந்த ஐரோப்பிய யந்திரமும், கூகிள் கம்பெனியின் ஒரு யந்திரமும், இந்திய வானிலைத் துறையின் 125 ஆண்டு மழைக் கணக்கும் பயன்பட்டன.

அந்த 125 ஆண்டுக் கணக்கு என்ற சொற்களின் மேல் சற்று நிற்போம். யார் எழுதிய கணக்கு அது? தாலுகா ஆபீஸ் முற்றத்தில் மழைமானி இருக்கும். காலை எட்டரை மணிக்கு ஒரு ஊழியர் போய் அதிலுள்ள தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுவார். தந்தி இருந்த காலத்தில் தந்தி, பிறகு டெலிபோன். வெள்ளைக்காரன் காலத்திலும் எழுதினார்கள், அவன் போன பிறகும் எழுதினார்கள். உலகமெங்கும் இப்படி எழுதினார்கள். கப்பல் மாலுமிகள் எழுதினார்கள், பலூன் பறக்கவிட்டவர்கள் எழுதினார்கள். பிறகு செயற்கைக் கோள்கள் வந்தன. இவற்றையெல்லாம் கோத்து, 1940 முதலான உலக வானிலை வரலாற்றை அந்த ஐரோப்பிய மையம் தயாரித்து, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தது. கூகிள் கம்பெனியின் 'கிராஃப்காஸ்ட்' யந்திரம் அதில் 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டுக் கணக்கைத் தின்றுதான் வளர்ந்தது. கம்பெனி போட்டது கம்ப்யூட்டரும் சில கெட்டிக்கார இளைஞர்களின் மூளையும். மூலப்பொருள் முழுவதும் ஊர்ப் பொதுச் சொத்து. பஞ்சு விவசாயியினுடையது, தறி மட்டும் முதலாளியுடையது என்றால் சேலைக்கு யார் விலை சொல்வது என்பது இளம்பிள்ளைக்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆளை எடுத்துவிட்டு அறிவு எதற்கு?

இதோடு சேர்த்து இன்னொரு செய்தியையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் 199 மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைக்கப்பட்டிருந்தன. வானிலைத் துறை கொடுக்கும் பொதுவான முன்னறிவிப்பை உள்ளூர்ப் பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி பிரித்து, எப்போது விதைப்பது, எப்போது மருந்தடிக்கக் கூடாது என்று வட்டார பாஷையில் சொல்வது அவற்றின் வேலை. 2024 தொடக்கத்தில் அத்தனையையும் மூடும்படி டில்லியிலிருந்து உத்தரவு போயிற்று. தகவல் சேகரிப்பெல்லாம் தானியங்கியாகிவிட்டது, இத்தனை ஊழியர் எதற்கு என்ற வாதம் மேல்மட்டத்தில் எழுந்திருந்தது. உண்மையில் அந்த ஊழியர்கள் யந்திரம் செய்யாத வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அவற்றுக்குப் புத்துயிர் கொடுக்கப் போவதாக 2024 செப்டம்பரில் அதிகாரிகள் பேசினார்கள்.

யந்திரம் "அடுத்த வாரம் 40 மில்லிமீட்டர் மழை" என்று சொல்லும். அந்த 40 மில்லிமீட்டரில் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வயலில் தண்ணீர் தேங்குமா, எருமப்பட்டி மேட்டுக்காட்டில் நிலக்கடலை விதைக்கலாமா என்பதை அந்த மண்ணை மிதித்தவன் அல்லவா சொல்ல வேண்டும்? செயற்கை அறிவுக்குப் பல்லாயிரம் கோடி ஒதுக்குகிற தேசத்தில், அந்த அறிவை வயலுக்குக் கொண்டுசேர்க்கும் ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்பது என்ன நியாயம்?

அப்படியானால் மின்சாரம் எங்கே போகிறது?

நாம் இதுவரை சொன்ன நன்மைகள் எல்லாம் சொற்ப மின்சாரத்தில் நடப்பவை. அப்படியிருக்க, பூமியைக் காப்பாற்ற மலை மலையாக மின்சாரம் வேண்டும் என்று ஏன் தண்டோரா போடுகிறார்கள்?

சர்வதேச எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, 2024-ல் உலகிலுள்ள தரவு மையங்கள் விழுங்கிய மின்சாரம் 41,500 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும், வீடு, தொழிற்சாலை, பம்ப்செட் எல்லாம் சேர்த்து, ஓராண்டில் செலவழிப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2030-ல் இது 94,500 கோடி யூனிட் ஆகும் என்று அந்த முகமை மதிப்பிடுகிறது. இன்று ஜப்பான் தேசம் முழுவதும் செலவழிப்பதைவிடச் சற்று அதிகம். இவ்வளவும் யந்திர மூளைக்கே போகிறது என்று நாம் சொல்லவில்லை. பாங்குக் கணக்கு, ரயில் டிக்கெட், சினிமா, எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இனி வரும் ஏற்றத்தை முக்கியமாகத் தள்ளுவது யந்திர மூளைதான்.

வானிலைக் கணக்குக்கும் இலை நோய்க்கும் இவ்வளவு மின்சாரம் போகவில்லை. இது போவது வேறு வகை யந்திரத்துக்கு. எதைக் கேட்டாலும் பேசும், எழுதும், படம் வரையும், விளம்பரம் தயாரிக்கும் ராட்சத யந்திரங்கள். இவற்றிலே பயனுள்ள காரியமும் உண்டு, வெட்டிக் காரியமும் உண்டு. ஆனால் இவ்வளவு வேகத்தில், இவ்வளவு பெரிதாகக் கட்டுவதற்குக் காரணம், எதிரிக் கம்பெனி முந்திவிடக் கூடாது என்ற போட்டி. விளைவு என்ன? 2023-ல் தன் கரியமில வாயு வெளியேற்றம் 2019-ஐவிட 48 சதவீதம் கூடிவிட்டதாகக் கூகிளே ஒப்புக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2020-லிருந்து 29 சதவீதம் கூடியதாகச் சொன்னது. இரண்டு கம்பெனிகளும் 2030-க்குள் சுத்தமாகிவிடுவோம் என்று சபதம் செய்தவை.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 2023-ல் மொத்த மின்சாரத்தில் 21 சதவீதத்தைத் தரவு மையங்கள் எடுத்துக்கொண்டன. அந்த நாட்டு நகர வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது 18 சதவீதம்.

"ஒரு கேள்விக்கு ஆகும் மின்சாரம் அற்பம்" என்று பதில் சொல்கிறார்கள். கூகிள் 2025 ஆகஸ்டில் சொன்ன கணக்குப்படி அதன் யந்திரத்திடம் எழுத்தில் கேட்கும் ஒரு சராசரிக் கேள்விக்கு 0.24 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் நாலாயிரம் கேள்விகள். முந்திய ஆண்டைவிட இது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றும் பெருமைப்படுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் குறைந்த செலவில் நடக்கும் யந்திரம் மொத்தச் செலவைக் குறைக்குமா என்பதைத் திருச்செங்கோட்டில் போய்க் கேட்க வேண்டும்.

திருச்செங்கோட்டுப் போர் வண்டி இந்தியா முழுக்கப் போகிறது. ஒரு காலத்தில் நம் சமவெளியில் கிணறு என்றால் அறுபது அடி, எண்பது அடி. வெடி வைத்துப் பாறையை உடைக்க மாதக்கணக்காகும். கமலையில் மாடு கட்டி இறைத்தார்கள். பிறகு ஆயில் எஞ்சின், மின்சார மோட்டார். பிறகு போர் வண்டி வந்தது. கம்ப்ரஸர் பெரிதாகப் பெரிதாக, ஒரே இரவில் ஐந்நூறு அடி, எட்டு நூறு அடி, ஆயிரம் அடி. யந்திரம் திறமையானது, அடிக்கு ஆகும் நேரம் குறைந்தது. தண்ணீர் மிச்சமாயிற்றா? கிணறு வற்றியது. பக்கத்துக் காட்டுக்காரன் போட்டான் என்று இவனும் போட்டான். ஆழத்துக்குப் போகக் கடன் வாங்க முடிந்தவன் பிழைத்தான், முடியாதவன் காட்டை விற்றான். இங்கிலாந்தில் 1865-லேயே ஜெவன்ஸ் என்ற பொருளாதார நிபுணர் நிலக்கரி விஷயத்தில் இதை எழுதினார்: நீராவி எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடுகிறதே ஒழியக் குறையவில்லை என்று. நம் சம்சாரி அதைப் படிக்காமலே அனுபவித்தான்.

மேட்டூரை வைத்து ஒரு கணக்கு

இந்த ராட்சதர்கள் அமெரிக்காவில் மட்டும் இருக்கப் போவதில்லை. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் ஒரு மையத்தைக் கூகிள் அறிவித்தது. அதன் மின் அளவு கிகாவாட்டில் பேசப்படுகிறது. தமிழ்நாடு 2021-லேயே தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு அழைப்பு விடுத்தது. சென்னையைச் சுற்றிச் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அவை எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2026-27 மத்திய பட்ஜெட்டில், இந்தியாவிலுள்ள தரவு மையங்களை உபயோகித்து உலகுக்குச் சேவை விற்கும் அந்நியக் கம்பெனிகளுக்கு 2047 வரை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்தின் நூறாவது ஆண்டு வரை, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு!

ஒரு கிகாவாட் என்றால் ஆயிரம் மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1980-களின் கடைசியிலும் 1990-லும் முடிந்த நாலு பழைய யூனிட்டுகள் 840 மெகாவாட், 2013-ல் வந்த புதிய யூனிட் 600 மெகாவாட், ஆக 1,440. அவ்வளவும் பழுதில்லாமல் ஓடினாலும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு கிகாவாட் மையம் விழுங்கிவிடும். அது இரவு பகல் முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 கோடி யூனிட். நம் அனல் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. எல்லாம் கரியிலிருந்தே வந்தால் நாளொன்றுக்கு 16,800 டன். நாலு கூட்ஸ் ரயில் நிறையக் கரி.

"நாங்கள் காற்றாலை மின்சாரம் வாங்குவோம், சூரிய மின்சாரம் வாங்குவோம்" என்பார்கள். ஏற்கனவே இருக்கும் காற்றாலை மின்சாரத்தை அவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டால், பள்ளிபாளையத்துத் தறிக்கும் மோகனூர்ப் பம்ப்செட்டுக்கும் மிஞ்சுவது எது? மேட்டூர்க் கரிதான். சர்ட்டிபிகேட் அவர்களுக்கு, சாம்பல் நமக்கு.

அந்தக் கரியின் விலை மின்கட்டணத்தில் மட்டும் இல்லை. 2024 டிசம்பர் 19-ல் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கரித் தொட்டி சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரு யூனிட்டுக்கு இத்தனை காசு என்று கணக்குப் போடும் எந்த நிபுணரும் அதைச் சேர்ப்பதில்லை.

மின்சாரம் வரும் வழியையும் மறக்கக் கூடாது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு உயர் அழுத்த மின்பாதை அமைத்தபோது, 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டித்தான் பட்டா நிலங்களில் கோபுரம் நட்டார்கள். 2018 டிசம்பரில் நாமக்கல் உட்படக் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது, கிணறு வெட்ட முடியாது, நிலத்தை அடமானம் வைத்தால் பாங்கு மதிப்பைக் குறைக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரம் யாருக்கு என்று கேட்கும் உரிமைகூட அந்தச் சட்டத்தில் இல்லை. மின்சாரத் தேவை இரட்டிப்பாகும் என்றால் கோபுரங்களும் கூடும் என்றுதானே அர்த்தம்?

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. அது மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்த காவேரித் தண்ணீர். தாகத்துக்குக் கொடுத்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அதே நகரத்தைச் சுற்றித்தான் இன்று குளிர்விக்கத் தண்ணீர் கேட்கும் யந்திரக் கொட்டகைகள் முளைக்கின்றன.

விசைத்தறியாளருக்கு இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசம் என்ற சலுகை 2023 மார்ச்சில் வந்தது. அதற்கு எத்தனை மனு, எத்தனை ஊர்வலம்! விவசாயியின் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வாங்கத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்களின் தூண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிற்கின்றன. அந்த இலவச மின்சாரத்தை 'வீண் விரயம்' என்று எழுதும் அதே பெரிய பத்திரிகைகள், அந்நியக் கம்பெனியின் வரிவிலக்கை 'தொலைநோக்கு' என்று எழுதுகின்றன.

இரண்டு தட்டு, இரண்டு கணக்கு

எதிர்த் தரப்பின் பலமான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதே எரிசக்தி முகமைதான் சொல்கிறது: இப்போதே தெரிந்த யந்திர மூளை உபாயங்களை உலகம் பரவலாகக் கையாண்டால், 2035-ல் எரிசக்தித் துறையின் கரியமில வாயுவில் சுமார் 5 சதவீதம் குறையக்கூடும், அது தரவு மையங்கள் வெளியேற்றுவதைவிட அதிகம். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இது பொய்யும் அல்ல. தமிழ்நாட்டுக் காற்றாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று எப்போது விழும் என்று முன்கூட்டித் தெரியாததால், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அனல் நிலையத்தில் கொதிகலனைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. காற்றைச் சரியாக முன்னறிந்தால் மேட்டூரில் அவ்வளவு கரி மிச்சம்.

ஆனால் அந்த முகமையே சேர்த்துச் சொன்ன எச்சரிக்கையைக் கம்பெனிகள் விழுங்கிவிடுகின்றன. அப்படிப் பரவலாகக் கையாளப்படும் என்பதற்கு இன்று எந்த உத்தரவாதமும் இல்லை என்றும், மிச்சமானது வேறு வழியில் செலவாகிவிடலாம் என்றும் அது சொல்கிறது. மேலும், மிச்சம் பிடிக்கும் வேலை நடப்பது மின் கட்டமைப்பில், ஆலையில், போக்குவரத்தில். அதற்கெனச் செய்த சின்னச் சின்ன யந்திரங்களால். செலவு நடப்பது படம் வரையும் ராட்சத யந்திரத்தில். ஒருவன் சிக்கனத்தை இன்னொருவன் ஊதாரித்தனத்துக்கு வரவு வைப்பது எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளாத கணக்கு. குளவியையும் கோழியையும் முன்னால் காட்டி, பின்வாசல் வழியாகக் கரி வண்டியை உள்ளே விடுகிறார்கள்.

ஆகவே கணக்கைப் பிரிக்கச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டில் மின் இணைப்புக் கேட்கும் ஒவ்வொரு தரவு மையமும், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், என்ன வேலைக்கு என்பதைப் பகிரங்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மின்வாரியம் அதை ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டிய மின்சாரத்தைப் புதிதாகக் கட்டும் காற்றாலையிலும் சூரிய நிலையத்திலும் அவர்களே உற்பத்தி செய்துகொள்ளட்டும். இருப்பதில் கைவைக்கக் கூடாது. கோடை மாலையில் பற்றாக்குறை வந்தால் முதலில் குறைய வேண்டியது படம் வரையும் யந்திரம். குமாரபாளையத்துத் தறி அல்ல. பொதுக் கணக்கைத் தின்று வளர்ந்த வானிலை யந்திரத்தின் பலன் பொதுவிலேயே, இலவசமாக, தமிழிலேயே கிடைக்க வேண்டும். தேமலைக் கண்டுபிடிக்கும் கருவியை ஏத்தாப்பூர் நிலையமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நம் மண்ணின் இலைகளைக் கொண்டு பழக்கி, இன்டர்நெட் இல்லாத செல்போனிலும் ஓடும்படி கொடுக்கட்டும். அதற்கு வேண்டிய பணம் ஒரு தரவு மையத்தின் சுவருக்கு ஆகும் செலவுகூட இருக்காது.

மூடச் சொல்லி உத்தரவு போன அந்த 199 வானிலைப் பிரிவுகளும், அவற்றில் வேலை பார்த்த ஊழியர்களோடு, முழுச் சம்பளத்தில், அடுத்த ஆடிப்பட்டத்துக்கு முன் திறந்திருக்க வேண்டும்.